மாடிக் கம்ப்யூட்டர் பதில் சொல்லவில்லை

சந்தேகப்படுவது என் சுபாவம் இல்லை என்று சொன்னால் என் வீட்டுக்காரரே சிரிப்பார். ஆனால் அந்த வாரம் நான் பட்ட சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. கீழே என் கம்ப்யூட்டர். மாடியில் என் ஓரகத்தியின் கம்ப்யூட்டர். மாடிப்படி திரும்புகிற இடத்தில், சுவரில், பச்சை விளக்கு மினுக்கும் புது இணையப் பெட்டி. அதிலிருந்து ஒரு வயர் மேலே, ஒரு வயர் கீழே. அவ்வளவு நாள் ஒழுங்காக இருந்த தொடர்பு திடீரென்று செத்தது என்றால் யாரோ கழுத்தை நெரித்திருக்க வேண்டும். பகலில் வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டே பேர். நான் நெரிக்கவில்லை.

அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டவர்கள் நாங்கள். மூத்தவளை நான் அக்கா என்று கூப்பிடுவேன். எங்கள் மாமனார் இருந்தவரைக்கும் அவளை ‘நிதானம்’ என்பார், என்னை ‘அவசரம்’ என்பார். மனிதர் போன பிறகும் அந்தப் பெயர்கள் போகவில்லை. அக்கா இன்றைக்கும் மாடியிலிருந்து, “ஏ அவசரம், தண்ணி மோட்டார அமத்து” என்றுதான் கத்துவாள்.

வேற்றுமொழித் தொடர்கள் ஓடும்போது திரைக்கு அடியில் தமிழ் எழுத்து வருமே, அதுதான் எங்கள் தொழில். ஆபீஸில் அனுப்புகிற வசனத்தைத் தமிழில் எழுதுவது நான். எந்த வரி எப்போது தோன்றி எப்போது மறைய வேண்டும் என்று படத்தோடு பொருத்துவது அக்கா. திரையில் ஒருவன் அடி வாங்குவதற்கு முன்னாலேயே கீழே ‘ஐயோ’ என்று எழுத்து வந்துவிட்டால் சிரிப்பாய்ச் சிரித்துவிடுவார்கள். அக்கா கை பட்டால் அந்தப் பேச்சுக்கே இடம் இல்லை. நான் எழுதி முடித்ததும் அவள் கம்ப்யூட்டரில் இருக்கும் ‘வேலை’ என்ற பொது அறையில், அதாவது இருவரும் திறக்கிற ஃபோல்டரில், போட்டுவிடுவேன். அவள் எடுத்துப் பொருத்தி ஆபீஸுக்கு ஏற்றுவாள். இன்னும் ஒளிபரப்பாகாத தொடர் என்பதால் பென் டிரைவில் கொண்டு போகக் கூடாது, மெயிலில் அனுப்பக் கூடாது என்று ஆபீஸில் கறாராகச் சொல்லியிருந்தார்கள். ஆக, அந்த வயர் இல்லை என்றால் எங்கள் பிழைப்பே இல்லை.

இந்த வேலைக்கு என்னை இழுத்து வந்ததும் அக்காதான், மறைக்கவில்லை. அதற்கு முன் நான் ஒரு துணிக்கடையில் இருந்தேன். காலையில் போய் நின்றால் இரவு கடை மூடும்வரை நிற்க வேண்டும். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில்கூட உட்காரக் கூடாது. ஸ்டூலைப் பார்த்தாலே சூப்பர்வைசர் முறைப்பான். காலில் நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்துக்கொண்டது அங்கேதான். உட்கார்ந்து செய்கிற வேலை என்று என் வாழ்க்கையில் கிடைத்தது இது ஒன்றுதான். இது போனால் மறுபடி அந்தக் கடைதான். அதை நினைத்தாலே என் முழங்கால் வலிக்கும்.

அந்த வாரம்தான் ஆபீஸ் மேடம் ஃபோனில், “இந்தத் தொடரோட கடைசி எபிசோடு வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குள்ள வரணும். அது சரியா வந்தாத்தான் அடுத்த பெரிய தொடர் உங்களுக்கு” என்று சொல்லியிருந்தார். பெரிய தொடர் என்றால் இரண்டு வருடத்துக்குக் கவலை இல்லை. அதே வாரத்தில் தொடர்பு அறுந்தது. இப்போது சொல்லுங்கள், சந்தேகம் வருமா வராதா?

முதலில் மரியாதையாகத்தான் கேட்டேன். படிக்கட்டு அடியில் நின்று, “அக்கா, உங்க கம்ப்யூட்டர் எனக்குத் தெரிய மாட்டேங்குது” என்றேன்.

“என்னுது நல்லாத்தான் இருக்கு. உன்னுதுலதான் ஏதோ கோளாறு” என்று பதில் வந்தது.

என்னுடையதில் கோளாறா? எனக்குச் சுருக்கென்றது. கம்ப்யூட்டர் விஷயத்தில் அந்த வீட்டில் நான்தான் புலி. எழுத்தைப் பெரிதாக்குவது எப்படி என்று அக்காவுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான். வயரைப் பிடுங்கிச் செருகினேன். பெட்டியை அணைத்துப் போட்டேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். ம்ஹூம். அதோடு ஒரு வினோதம். திரையின் மூலையில் சின்னதாக ஒரு அறிவிப்பு எட்டிப் பார்த்துவிட்டுப் போனது: இந்த வலைத்தொடர்பில் உங்கள் முகவரியை வேறொரு கம்ப்யூட்டர் பயன்படுத்துகிறது. என் இடத்தில் இன்னொருத்தர் உட்கார்ந்திருக்கிறார் என்று கம்ப்யூட்டரே வாய்விட்டுச் சொல்கிறது!

அன்றைக்கு அக்கா பல் டாக்டரிடம் போனாள். மாடிக் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் போயிருந்தாள். அவள் தெருமுனை திரும்புவதற்குள் என்னுடையது துள்ளி எழுந்து உட்கார்ந்தது. இணையம் தண்ணீராக ஓடியது. அவள் திரும்பி வந்தாள். அதற்கப்புறம் மாடிக் கம்ப்யூட்டர் எனக்குக் கண்ணிலேயே படவில்லை. மறுநாள் அவள் எனக்கு முன்னால் கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டாள். என்னுடையதில் இணையமும் இல்லை, ஒன்றும் இல்லை. அவள் இருந்தால் எனக்கு மூச்சு நிற்கிறது, அவள் போனால் உயிர் வருகிறது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே, “மேல போய் நேரா கேளேன்” என்றார்.

“கேட்டா, ஆமா நான்தான் பண்ணேன்னு சொல்லிடுவாங்களாக்கும்.”

“அண்ணி அப்படிப்பட்ட ஆள் இல்ல.”

“உங்களுக்கு உங்க அண்ணி தெய்வம். எனக்குத்தான் தெரியும்.”

எனக்கு என்ன தெரியும் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் திணறியிருப்பேன். ஆனால் அடுத்த நாளே தெரிய வந்தது. பெட்டியின் விளக்கைப் பார்க்கலாம் என்று படியில் பாதி ஏறியவள், மாடியில் அக்கா ஃபோனில் பேசுவதைக் கேட்டு நின்றுவிட்டேன். “கீழ தெரிய வேணாம். அவகிட்ட மட்டும் மூச்சு விட்டுடாத” என்றாள். அப்புறம் ஏதோ கேட்டு, “ஆங், போட்டுட்டேன், போட்டுட்டேன்” என்றாள்.

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பூனை மாதிரி கீழே இறங்கினேன். என் சொந்த வீட்டில்!

அன்றிலிருந்து ஒரு போட்டி. அவளுக்கு முன்னால் கம்ப்யூட்டரைப் போட்டுவிடுவது. முன்னால் போட்டால் எனக்கு இணையம் கிடைக்கிறது என்பதை மட்டும் கண்டுபிடித்திருந்தேன். ஏன் என்று தெரியாது. பல் தேய்ப்பதற்கு முன் பட்டனைத் தட்டுவேன். மாடியில் உடனே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்கும். அடுத்த நாள் நான் கண்ணைத் திறப்பதற்குள் மேலே விசிறி சுற்றிக்கொண்டிருக்கும். கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து நாங்கள் இருவரும் இத்தனை சீக்கிரம் எழுந்தது கிடையாது. வாசலில் எதிர்ப்பட்டால், “என்ன, எழுதி முடிச்சியா?” என்பாள். “முடிச்சுட்டேன், வாங்கிக்கத்தான் ஆள் இல்ல” என்பேன். “அனுப்பினாத்தானே வாங்குறதுக்கு” என்பாள். முகத்தில் மட்டும் இருவருக்கும் சிரிப்பு இருக்கும். உள்ளே பற்றிக்கொண்டு எரியும்.

வெள்ளிக்கிழமை நான்தான் முந்தினேன். என் வரிகள் முழுக்கத் தயார். ஆறு மணிக்குள் அவை மாடி ஏற வேண்டும். வேறு வழியில்லாமல் வயருக்கு ஃபோன் போட்டேன். வயர் என்பது ஆள். எங்கள் வீட்டுக்காரர்களுக்கு ஒன்றுவிட்ட தம்பி. கேபிள் கம்பெனியில் இருக்கிறான், எப்போது கூப்பிட்டாலும் ஏதாவது ஒரு கம்பத்தின்மேல்தான் இருப்பான்.

“சின்ன அண்ணி, கீழ இறங்கினதும் பண்ணட்டுமா?”

“தொங்கிக்கிட்டே சொல்லு. மாடிக் கம்ப்யூட்டர் உயிரோட இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியணும்.”

கறுப்புத் திரையைத் திறக்கச் சொன்னான். திறந்தேன். ‘பிங்’ என்று அடித்து, பக்கத்தில் பெரிய அண்ணியின் கம்ப்யூட்டருக்கு வலைத்தொடர்பில் முகவரியாக இருக்கும் எண்ணை அடிக்கச் சொன்னான். அந்தக் கம்ப்யூட்டர் இருந்தால் பதில் சொல்லுமாம்.

“எண் என்ன?”

மறுமுனையில் காற்று மட்டும் அடித்தது.

“டேய், எண் என்னடா?”

“அது வந்து அண்ணி... பெட்டி மாத்தினதுக்கப்புறம் பெரிய அண்ணி புது எண் போட்டிருக்காங்க. என்ன எண்ணுன்னு எனக்கும் தெரியாது. போட்டதையே உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னாங்க. அய்யோ, சொல்லிட்டேனே! அண்ணி, நான் சொன்னதா சொல்லிடாதீங்க.”

ஃபோனை வைத்தேன். ஆக, திட்டம் போட்டு நடந்திருக்கிறது. எண்ணை மாற்றி, என்னை வெளியே தள்ளி, கடைசி எபிசோடு என்னால்தான் கெட்டது என்று ஆக்கிவிட்டு, பெரிய தொடரைத் தான் ஒருத்தியே வாங்கிக்கொள்ளப் போகிறாள். அந்த நொடியில் எனக்கு அந்தத் துணிக்கடையின் சலவைக்கல் தரை ஜில்லென்று உள்ளங்காலில் பட்டது.

பெயரே அவசரம் அல்லவா. ஆபீஸ் மேடத்துக்கு மெயில் எழுதினேன். ‘மாடியில் வேண்டுமென்றே தொடர்பைத் துண்டித்து வைத்திருக்கிறார்கள். நான் என் வேலையை முடித்துவிட்டேன். இவர்களை நம்பிப் பயனில்லை. அடுத்த தொடரை எனக்குத் தனியாகக் கொடுத்தால் பொருத்தும் வேலையையும் நானே செய்துகொள்வேன்.’ ஒரு தடவைகூடத் திரும்பப் படிக்காமல் அனுப்பினேன். அனுப்பியதும் நெஞ்சு லேசானது. அந்த வேகத்திலேயே மாடிக்கு ஏறினேன், கேட்டுவிட்டு வரலாம் என்று.

அக்கா செத்துப்போன திரைக்கு முன்னால் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். இணையம் இல்லை என்று சிவப்பாக ஒரு குறி. என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

“வா. நீயே வருவேன்னு தெரியும். என்ன பாவம் பண்ணேன் உனக்கு? நீ கீழ போட்டாலே என்னுது செத்துடுது. ஒரு வாரமா பாக்குறேன்.”

“நானா? நீங்க போட்டாத்தான் என்னுது சாகுது!”

“சும்மா கதை விடாத. உனக்குத்தான் கம்ப்யூட்டர்ல எல்லாம் தெரியுமே. எனக்கு என்ன தெரியும்?”

“ஒண்ணும் தெரியாதவங்கதான் யாருக்கும் சொல்லாம புது எண் போட்டீங்களா?”

அக்காவின் முகம் சுருங்கியது. “வயர் உளறிட்டானா?” என்றாள். கொஞ்ச நேரம் மேஜைத் துணியை இழுத்து இழுத்துச் சரி செய்தாள். “பெட்டி மாத்தினதுலேர்ந்து அடிக்கடி விட்டுப் போச்சு. நிலையா ஒரு எண் போடுங்க அண்ணின்னான். உன்னைக் கேட்டா சிரிப்ப. ‘இதுகூடத் தெரியாதாக்கா’ன்னு ஒரு சிரிப்பு சிரிப்பியே, அதுக்குப் பயந்துதான் சொல்லாதன்னேன். போதுமா?”

நானும் வயரிடம் அதையேதான் செய்திருந்தேன், அவளுக்கு ஒரு நாள் முன்னால். ‘நிலையா ஒரு எண் போட்டுக்கங்க அண்ணி. முன்னாடி இருக்குறத அப்படியே விட்டுட்டு, கடைசியில மட்டும் உங்களுக்கு மறக்காத எண்ணா ஒண்ணு’ என்று சொல்லிக்கொடுத்தான். புலி என்று பேர் வாங்கியவள் வயரைக் கேட்டு வேலை செய்தாள் என்று தெரிந்தால் மானம் போகும் என்று, ‘மாடியில சொல்லிடாத’ என்று நானும் வாக்கு வாங்கியிருந்தேன். பாவி, இரண்டு பேருக்கும் கொடுத்த வாக்கை இத்தனை நாள் ஒழுங்காகக் காப்பாற்றியிருக்கிறான்.

“எங்க, உங்க எண்ணைக் காட்டுங்க” என்றேன்.

“நீ முதல்ல உன்னுதைச் சொல்லு.”

நான் சொல்லவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, அவள் கம்ப்யூட்டரில் எண் போடும் ஜன்னலைத் திறந்தேன். வரிசையாக எண்கள், புள்ளிகள். கடைசியில் நூற்று நாற்பத்தேழு.

“இது என் எண்” என்றேன்.

“உன் எண்ணா? நல்லா இருக்கே! அது மாமா டோக்கன் எண்ணு.”

தெரியாதா எனக்கு? ஆலையில் மாமனாருக்குக் கொடுத்த டோக்கன் எண் அது. குடை, சாப்பாட்டு டப்பா, சைக்கிள் சீட்டின் அடிப்பக்கம் என்று தன் சாமான் எல்லாவற்றிலும் சிவப்புப் பெயிண்டில் அதைத்தான் எழுதி வைத்திருப்பார். அவர் போன பிறகு குடை மாடிக்குப் போனது, டப்பா கீழே என்னிடம் இருக்கிறது. கடைசி நாட்களில் கஞ்சி கொடுத்தது நான். அதனால் அவர் நினைப்பு எனக்குத்தான் என்று வைத்திருந்தேன். இரவில் கால் பிடித்துவிட்டது அக்கா. அதை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

வயருக்கு மறுபடி ஃபோன் போட்டோம். இந்தத் தடவை தரையில் இருந்தான். சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தான். “ஒரே எண்ணுல ரெண்டு மிஷின் இருந்தா முதல்ல வந்தது உள்ள, ரெண்டாவது வெளிய. அவ்ளோதான் அண்ணி. மறக்காத எண்ணு போடுங்கன்னா ரெண்டு பேரும் பெரியப்பாவையே போடுவீங்களா?”

அக்காவும் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, “சரி, நீயே வெச்சுக்க. கஞ்சி ஊத்தினவ நீ. நான் நூத்தி நாப்பத்தெட்டு போட்டுக்கறேன்” என்று அங்கேயே மாற்றினாள். நான் கீழே ஓடினேன். மாடிக் கம்ப்யூட்டர் என் திரையில் ஜம்மென்று வந்து நின்றது. என் வரிகளை ‘வேலை’ அறைக்குள் தள்ளினேன். “வந்துடுச்சுடி, அவசரம்!” என்று மேலே இருந்து கத்தல்.

அப்போதுதான் அந்த மெயில் நினைவுக்கு வந்தது.

திரும்ப எடுக்க முடியுமா என்று பார்த்தேன். முடியாது. ஆபீஸுக்கு ஃபோன் செய்தேன். மேடம் மீட்டிங்கில் இருக்கிறார் என்றாள் ஒரு பெண். ‘முன்னால் அனுப்பிய மெயிலைப் படிக்க வேண்டாம், தவறாக எழுதிவிட்டேன்’ என்று இன்னொன்று அனுப்பினேன். படிக்க வேண்டாம் என்றால் யாராவது படிக்காமல் இருப்பார்களா? நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் செய்தது நாக்கு இல்லை, விரல்.

அக்கா பொருத்த ஆரம்பித்துவிட்டாள். ஒரு வரி நீளம், குறைத்துக் கொடு என்று கத்துவாள். நான் குறைத்துக் கொடுப்பேன். நடுவில் டீ போட்டு எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன், சொல்லிவிடலாம் என்று. அவள் ஒரு கையால் டம்ளரை வாங்கிக்கொண்டு, “இந்த வீட்டுல நான் ஒரு ஆள நம்பலாம்னா அது நீதான். எங்கேயோ புத்தி கெட்டுப் போச்சு எனக்கு. உன்னப் போய்ச் சந்தேகப்பட்டேனே” என்றாள். அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? முடிந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் ஃபோன் சிணுங்கும்போதெல்லாம் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் எபிசோடு ஏறிவிட்டது. அக்கா விரல்களைச் சொடுக்கு எடுத்தாள். “தப்பிச்சோம்” என்றாள். திரையில் ஒரு மெயில் வந்து விழுந்தது. ஆபீஸ் மேடம். வேலை கிடைத்ததற்கான பதில் என்று அக்கா ஆசையாகத் திறந்தாள்.

மேடம் என் மெயிலை அப்படியே அவளுக்குத் திருப்பி அனுப்பியிருந்தார். மேலே ஒரே ஒரு வரி: ‘கீழே உள்ளது உண்மையா? தெரிந்தால்தான் அடுத்த தொடரைப் பற்றி முடிவு செய்ய முடியும்.’

அக்கா எதையும் நிதானமாகத்தான் படிப்பாள். ஒவ்வொரு வரியாகப் படித்தாள். ‘இவர்களை நம்பிப் பயனில்லை’ என்ற இடத்தில் அவள் கண் நின்றதை நான் பார்த்தேன். “அக்கா, அது கோவத்துல... எண் விஷயம் தெரியறதுக்கு முன்னாடி...” என்று இழுத்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். என்னைத் திட்டியிருக்கலாம். நான் டம்ளரை அவள் மடியில் கவிழ்த்திருந்தால் எப்படிக் கத்துவாளோ அப்படிக் கத்தியிருக்கலாம். கத்தவில்லை.

பதில் எழுதினாள். ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். ‘இணைப்பில் கோளாறு இருந்தது. சரிசெய்துவிட்டோம். அடுத்த தொடரையும் நாங்கள் இருவரும் சேர்ந்தே செய்கிறோம்.’ அனுப்பினாள்.

அவள் கையைப் பிடிக்கப் போனேன். அவள் தன் கையை மெல்ல இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். திரையைப் பார்த்தபடியே சொன்னாள்:

“மாமா எண்ணை எனக்குக் குடுத்துடு.”

“அக்கா...”

“கீழ போய் மாத்து. நீ முதல்ல விட்டாத்தான் நான் போட முடியும்.”

இறங்கினேன். அந்த ஜன்னலைத் திறந்தேன். நூற்று நாற்பத்தேழை அழித்தேன். கட்டம் காலியாக நின்றது. எனக்கு மறக்காத எண் ஒன்று போட வேண்டும். யோசித்துப் பார்த்தேன், எனக்கென்று எதுவும் வரவில்லை. கைக்கு வந்த ஒன்றை அடித்தேன்.

“மாத்திட்டியா?” என்று மாடியிலிருந்து கேட்டாள். அவசரம் என்று கூப்பிடவில்லை.

“மாத்திட்டேன்க்கா” என்றேன்.

கொஞ்சம் பொறுத்து, கறுப்புத் திரையைத் திறந்து பிங் என்று அடித்தேன். பக்கத்தில் மாமனாரின் எண்ணை அடித்தேன். மாடிக் கம்ப்யூட்டர் உடனே பதில் சொன்னது. எழுதி வைக்காவிட்டால் மறந்துவிடும் என்று, நான் போட்ட புது எண்ணை ஒரு காகிதத்தில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டினேன்.